சாவி கொடுக்கிற வாட்சும் பீப் அடிக்கிற வாட்சும்

போன வாரம் என்னோடு வேலை பார்த்த பழைய நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். காபி குடித்து முடிக்கும்வரை என் கையையும் என் மனைவி கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"என்ன சார், வீட்டுல வாட்ச் மாறிப்போச்சா? நீங்க தாத்தா காலத்து வாட்ச் கட்டியிருக்கீங்க. அம்மா ஸ்கூல் பையன் வாட்ச் கட்டியிருக்காங்க!"

அவர் சொன்னது சரிதான். என் கையில் இருப்பது எச்.எம்.டி. ஜனதா. என் மனைவியின் கையில் இருப்பது கேசியோ எஃப்-91டபிள்யூ, கறுப்பு பிளாஸ்டிக், சதுர முகம். அறுபத்தெட்டு வயது அம்மாள் கட்டுகிற வாட்சா அது என்று யாருக்கும் தோன்றும். அவரிடம் சிரித்துச் சமாளித்துவிட்டேன். உங்களுக்கு முழுக் கதையும் சொல்லுகிறேன்.

முதலில் எச்.எம்.டி. 1978ல் எனக்குக் கல்யாணம். அந்தக் காலத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு சைக்கிள், ஒரு வாட்ச் என்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். சைக்கிள் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. மாமனார் அந்த வருஷம் மல்லாட்டை விற்ற பணத்தில் வாட்ச் வாங்க அலைந்தார். எச்.எம்.டி. அப்போது கேட்டவுடன் கிடைக்காது. கடையில் சொல்லிவைத்து, மூன்று தரம் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறி இறங்கி வாங்கி வந்தார். பெங்களூரில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் கம்பெனி தொடங்கியது 1953ல். நான் பிறந்ததும் அதே வருஷம். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியிடம் தொழில் கற்று 1961ல் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தார்கள். முதல் வாட்சுகளை வெளியிட்டவர் பண்டித நேரு. அதில் சாமானியனுக்கென்றே வந்தது 'ஜனதா'. பெயரிலேயே இருக்கிறது.

வெள்ளை டயல், கறுப்பு எண்கள், மூன்று முள். தேதி கிடையாது, கிழமை கிடையாது. பேட்டரியும் இல்லை. தினமும் சாவி கொடுக்க வேண்டும். முழுக்கக் கொடுத்தால் ஒன்றரை நாள் ஓடும்.

எங்கள் வீட்டில் அந்தச் சாவி கொடுக்கிற வேலையை முதல் வாரத்திலிருந்தே என் மனைவி எடுத்துக்கொண்டாள். அவள் அப்பா வாங்கித் தந்த வாட்ச் அல்லவா, என் கையில் விட்டால் கெட்டுப்போகும் என்று பயம். காலையில் டிபன் பாக்ஸைக் கட்டி வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் திருகைப் பிடித்து 'கிர் கிர்' என்று இருபத்தைந்து சுற்று கொடுப்பாள். இறுகினதும் நிறுத்திவிடுவாள். அதற்கு மேல் ஒரு பல் போகமாட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து 2011ல் ஓய்வு பெறும்வரை இப்படித்தான் நடந்தது.

நடுவில் காலம் மாறியது. 1984ல் டாடாவும் நம் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டன் கம்பெனியைத் தொடங்கின. ஓசூர் ஆலையிலிருந்து சாவியே வேண்டாத குவார்ட்ஸ் வாட்சுகள் வந்து இறங்கின. ஆசிரியர் அறையில் ஒவ்வொரு கையாக மாறிக்கொண்டே வந்தது. 2016ல் எச்.எம்.டி.யின் வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பேப்பரில் அதைப் படித்துக் காட்டியபோது என் மனைவி சொன்னாள், "கம்பெனி மூடினா என்ன, நம்ம வாட்ச் ஓடுதில்ல."

2021ல் ஒரு சாயங்காலம். திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் இருந்தது. கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசி உருண்டுகொண்டே இருந்தன. "என்ன, காத்துல சாவி கொடுக்கிற?" என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள். கையைப் பார்த்துவிட்டு, "நான் எங்கங்க கொடுக்கிறேன், அதுவா சுத்துது" என்றாள். அந்தக் கிண்டலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. சில மாதம் கழித்து நரம்பு டாக்டர் கையைப் பார்த்த உடனேயே சொன்னார். பார்க்கின்சன். நடுக்குவாதம் என்று நம் ஊரில் சொல்வது. விரல்கள் இப்படி உருளுவது அந்த நோயின் தெரிந்த அடையாளங்களில் ஒன்றாம்.

மாத்திரை ஆரம்பித்தோம். காலை 7, பகல் 11, பிற்பகல் 3, இரவு 7. "மருந்து எவ்வளவு முக்கியமோ மணி அவ்வளவு முக்கியம்" என்றார் டாக்டர். மாத்திரை தள்ளிப்போனால் உடம்பு விறைத்துக்கொள்ளும், எழுந்து நடக்க முடியாது. அதோடு, மாத்திரை போட்டு அரைமணி கழித்துத்தான் சாப்பாடு. பருப்பு, பால், முட்டையில் இருக்கும் புரதச் சத்து அந்த மருந்து உடம்பில் ஏறுவதைத் தடுக்குமாம்.

ஆக, ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் கழித்து எனக்கு மறுபடியும் பீரியடு அட்டவணை வந்து சேர்ந்தது.

ஆரம்பத்தில் எச்.எம்.டி.யை நம்பித்தான் ஓட்டினேன். சாவி கொடுக்கிற பொறுப்பு என்மேல் விழுந்தது. நாற்பது வருஷம் அவள் மறக்காததை நான் நாற்பதாவது நாளே மறந்தேன். 2.20க்கு நின்ற வாட்சைப் பார்த்து இன்னும் நேரம் இருக்கிறது என்று நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தவறு வாட்சுடையது அல்ல, சாவி கொடுக்காதவனுடையது. நடந்ததைக் கேட்ட மகன் அடுத்த முறை ஊருக்கு வந்தபோது ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் அந்தக் கேசியோவை வாங்கி வந்தான்.

"செல்போனில் அலாரம் வைக்கலாமே" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வைத்தோம். செல் முன்கட்டில் சார்ஜில் கிடக்கும், நான் கொல்லையில் இருப்பேன். கோயிலுக்குப் போகும்போது சத்தத்தை அணைத்திருப்பேன், திரும்பி வந்து போட மறந்திருப்பேன். கையில் கட்டியது கூடவே வரும். அதுதான் வாட்சின் முதல் சௌகரியம்.

பெட்டியைப் பிரித்ததும் எனக்குக் கணக்கு வாத்தியார் புத்தி வந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தேன்.

எடை: கேசியோ 21 கிராம்தான். கட்டியிருப்பதே தெரியாது. எச்.எம்.டி. உலோகக் கூடு, தோல் வார். கையில் கனம் தெரியும். எனக்கு அந்தக் கனம் வேண்டும், அவளுக்கு வேண்டாம்.

கண்ணாடி: இரண்டிலும் கண்ணாடி கண்ணாடியே இல்லை, பிளாஸ்டிக் வகைதான். கீறல் விழும், சுலபத்தில் உடையாது. எச்.எம்.டி. கண்ணாடிக் கீறலைப் பல் விளக்கும் பேஸ்ட் தடவித் துணியால் தேய்த்துப் போக்குவது நம் தலைமுறைக்குத் தெரிந்த வைத்தியம்.

உள்ளே இருப்பது: எச்.எம்.டி.யில் 17 கல். முட்கள் ஓடப் பல்சக்கரங்கள், அவற்றைத் தள்ள ஒரு சுருள்வில், அந்த வேகத்தை அடக்க ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னச் சக்கரம். மணிக்கு 18,000 அடி, அதாவது விநாடிக்கு 5. காதில் வைத்தால் அந்த ஐந்தும் கேட்கும். அச்சு சுழலும் இடங்களில் உலோகம் தேயாமல் இருக்கத்தான் அந்தக் கற்கள். ஆடுகிற சக்கரத்தின் அச்சைத் தாங்கும் கல்லுக்குக் குட்டி ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். கீழே விழுந்தால் அச்சு முறியாமல் அது தாங்கும். சைக்கிளிலிருந்து நானே இரண்டு தரம் வாட்சோடு விழுந்து இதைப் பரிசோதித்திருக்கிறேன்.

கேசியோவில் முள்ளும் இல்லை, சக்கரமும் இல்லை. ஒரு துளி குவார்ட்ஸ் கல். மின்சாரம் பட்டால் அது விநாடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இப்படி ஒரு எண்? இரண்டைப் பதினைந்து முறை பெருக்கிப் பாருங்கள், 32,768 வரும். உள்ளே இருக்கும் மின்சுற்று அதைப் பாதி, பாதியில் பாதி என்று பதினைந்து தரம் வகுத்துக்கொண்டே வந்தால் கடைசியில் விநாடிக்கு ஒன்று என்று வந்து நிற்கும். நாற்பது வருஷம் அடுக்குக்குறி நடத்தியவனுக்கு இது எட்டு முழ வேட்டி கிடைத்த மாதிரி சந்தோஷம்.

நேரம்: முப்பது நாள் செல்போன் மணியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதான எச்.எம்.டி. நாளொன்றுக்குச் சராசரி 43 விநாடி வேகம். ஒரு நாளில் 86,400 விநாடி. அப்படியென்றால் நூற்றுக்கு 99.95 மார்க். கேசியோ முப்பது நாளிலும் சேர்த்து 12 விநாடிதான் விலகியது. நூற்றுக்கு 99.9995. இரண்டு பேருமே வகுப்பில் முதல் ரேங்க் பிள்ளைகள்தான். மாத்திரைக்கு 43 விநாடி ஒரு பொருட்டே இல்லை.

ஆயுள்: கேசியோ 1989ல் வந்த மாடல். அன்றிலிருந்து உருவம் பெரிதாக மாறவில்லை. பேட்டரி ஏழு வருஷம் வரும் என்று பெட்டியில் போட்டிருந்தது. பேரன் அதைப் படித்துவிட்டு, "தாத்தா, ஏழு வருஷம் கவலையே இல்ல" என்றான். என் வயதோடு ஏழைக் கூட்டிப் பார்த்தேன். அவள் வயதோடும் கூட்டிப் பார்த்தேன். அதை நோட்டில் எழுதவில்லை.

எச்.எம்.டி.க்கு ஆயுள் என்பது ரிப்பேர்காரர் கையில். எங்கள் பஜாரில் ஒரு பாய் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து, கழுவி, எண்ணெய் போட்டுத் தருவார். வேர்வை புகுந்து கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் வீட்டிலேயே அரிசிப் பானைக்குள் ஒரு நாள் புதைத்துவைப்போம். பாய் இப்போது இல்லை. அவர் மகன் செல்போன் கடை வைத்திருக்கிறான். கேசியோவைப் பிரித்துச் சரிசெய்வார் கிடையாது. பேட்டரி மாற்றலாம், வார் மாற்றலாம், அதற்குமேல் போனால் புதிதுதான்.

குறைகள்: கேசியோவுக்கு வருஷம் தெரியாது. அதனால் பிப்ரவரி என்றால் எப்போதும் 28 நாள்தான். 2024ல் பிப்ரவரி 29 அன்று அது மார்ச் 1 என்று காட்டியது. நாம்தான் திருத்த வேண்டும். எச்.எம்.டி.யில் தேதியே இல்லாததால் அது தேதியில் தப்பு செய்ததே இல்லை! கேசியோவின் விளக்கு இடப்பக்கம் ஒரு சின்னப் பொட்டு. இராத்திரியில் மணி தெரியும், நிமிஷம் தெரியக் கண்ணை இடுக்க வேண்டும். வலதுபக்கப் பொத்தானைத் தெரியாமல் அழுத்திவிட்டால் 3.00 என்பது 15.00 ஆகிவிடும்.

அலாரமும் ஒன்றே ஒன்றுதான் வைக்க முடியும். மற்ற மூன்று வேளையும் விழித்திருக்கிற நேரம். மதியத் தூக்கத்தில் தப்பிப்போகக் கூடியது 3 மணி மாத்திரைதான். எனவே 3 மணிக்கு அலாரம் வைத்து வாட்சை என் கையில் கட்டிக்கொண்டேன். கவலை தீர்ந்தது என்று நினைத்தேன்.

2024 வெயில் காலம். முன்கட்டு பெஞ்சில் மின்விசிறிக்குக் கீழே படுத்தவன் கண் விழித்தபோது 4.15. வாட்ச் கையில்தான் இருக்கிறது. உள்ளே ஓடினேன். அவள் கட்டிலில் மல்லாந்து, ஒருபக்கமும் திரும்ப முடியாமல், கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். தண்ணீர் கொடுத்து மாத்திரை போட்டுவிட்டு, "இந்த வாட்ச் அடிக்கவே இல்ல" என்று கோபமாகச் சொன்னேன்.

"அடிச்சுதுங்க" என்றாள். "எனக்கு இங்க கேட்டுது. நீங்க வருவீங்கன்னு இருந்தேன். அப்புறம் கூப்பிட்டும் பார்த்தேன்."

இந்த நோயில் குரலும் மெலிந்துபோகும். அவள் கூப்பிட்டது அடுத்த அறைக்கு வந்து சேரவில்லை. என் கையிலேயே அடித்த மணி என் காதில் விழவில்லை. மறுநாள் பேரனை வைத்துச் சோதித்தேன். அவன் அலாரத்தை அடிக்க விட்டு, "இப்ப கேக்குதா தாத்தா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்தான். காதோடு ஒட்டி வைத்தபோதுதான் ஏதோ பூச்சி மாதிரி கேட்டது. வயதானால் காது முதலில் இழப்பது இந்தக் கீச்சென்ற சத்தங்களைத்தான் என்று பிறகு காது டாக்டர் சொன்னார். பேச்சு கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும், அதனால் நமக்குக் காது போனதே தெரியாது. வாட்சில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சத்தத்துக்கு ஏற்ற காது என்னிடம் இல்லை, அவளிடம் இருந்தது.

அன்று சாயங்காலம் அந்த வாட்சைக் கழற்றி அவள் கையில் கட்டினேன். அதிலேயே மணிக்கு ஒருமுறை 'பீப் பீப்' என்று அடிக்கிற வசதி உண்டு. அதையும் போட்டுவிட்டேன். ஏழு, பதினொன்று, மூன்று, ஏழு என்று எங்கள் மாத்திரை எல்லாமே முழு மணியில்தானே வருகிறது! மணி அடித்ததும் கைத்தடியால் தரையில் இரண்டு தட்டு தட்டுவாள். தடிச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கும், தூக்கத்தில்கூட. நான் எழுந்து என் எச்.எம்.டி.யைப் பார்ப்பேன். மாத்திரை கொடுத்ததும் பெரிய முள் எங்கே நிற்கிறது என்று மனதில் குறித்துக்கொள்வேன். அது பாதி வட்டம் போய்ச் சேர்ந்தால் சாப்பாடு. கேசியோவில் 7.04 என்று பார்த்தால் அரைமணி எப்போது என்று கூட்ட வேண்டும். முள் வாட்சில் கூட்டவே வேண்டாம், கண்ணாலேயே தெரியும். சரியான மணியைச் சொல்ல எண் வாட்ச் நல்லது. எவ்வளவு நேரம் போனது, எவ்வளவு மீதி என்று காட்ட முள் வாட்ச்தான் நல்லது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்த காலத்தில்கூட நான் யோசித்ததில்லை.

என் வயதொத்தவர்களுக்கு இதில் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. அலாரம் வாட்ச் வாங்குவதாக இருந்தால் கடையிலேயே அடிக்கச் சொல்லி, கையை நீட்டி வைத்துக் கேட்டுப் பாருங்கள். யார் கையில் கட்டுவது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள். பழைய எச்.எம்.டி. மேல் ஆசை வந்து வாங்குவதாக இருந்தால், பளபளவென்று புது டயலோடு வருவதை நம்பாதீர்கள். பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்து, டயலுக்கு வண்ணம் அடித்து விற்பது நிறைய நடக்கிறது. அலமாரியில் அப்பாவுடையதோ மாமனாருடையதோ கிடந்தால் அதை எடுத்து ஒருமுறை சாவி கொடுத்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கேசியோவை அவள் கையில் கட்டிய அந்த வாரமே, காலை மாத்திரை போட்டு அரைமணி ஆனதும் அவள் கையை நீட்டினாள். "அதைக் கொடுங்க." எச்.எம்.டி.யைக் கழற்றிக் கொடுத்தேன். புடவைத் தலைப்பால் துடைத்தாள். மருந்து பிடித்திருந்தால் விரல்கள் சொன்னபடி கேட்கும். திருகைப் பிடித்து 'கிர் கிர்' என்று கொடுக்க ஆரம்பித்தாள். நான் எண்ணினேன்.

அன்றிலிருந்து தினமும் 7.30க்கு இது நடக்கிறது. எத்தனை சுற்று என்று நோட்டில் எழுதுகிறேன். டாக்டரிடம் காட்டியபோது ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். "இதை நிறுத்தாம எழுதுங்க சார், மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். சில நாள் இருபத்தைந்தும் கொடுத்துவிடுவாள். சில நாள் ஐந்தாறோடு நின்றுவிடும். மீதியை நான் கொடுப்பேன். எப்படியும் வாட்ச் நிற்பதில்லை.

இன்று காலைக் கணக்கு பதினெட்டு.